கொலம்போவை டிஸ்க்கில் திரும்பப் பார்ப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கசங்கிய மழைக்கோட்டு, அணைந்தும் அணையாத சுருட்டு, வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து கேட்கும் ஒரு கேள்வி. பீட்டர் ஃபாக் நடித்த 'கொலம்போ' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை டிவிடியிலோ புளூ-ரேயிலோ மறுபடி பார்க்க உட்காருகிறவர்கள் என்னிடம் கேட்டவை பாதி, நானே என்னைக் கேட்டுக்கொண்டவை மீதி. முழுத் தொகுப்பையும் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். பதில் சொல்ல எனக்குள்ள தகுதி அவ்வளவுதான்.

கொழும்புவா, கொலம்போவா?

இலங்கைத் தலைநகருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. இது இத்தாலிய வம்சாவளிக் குடும்பப் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது நான்காவது எழுத்து நகரத்துக்கு 'ஓ', லெப்டினன்டுக்கு 'யூ'. கடையில் தேடும்போது எழுத்து மாறினால் கொழும்பு ஹோட்டல் அறைகளின் வாடகைதான் வந்து நிற்கும். எனக்கு வந்தது.

பார்க்காதவர்களுக்கு இரண்டு வரியில்?

லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸில் கொலைப் பிரிவு லெப்டினன்ட். ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு பணக்காரர், பிரபலம் அல்லது பெரிய படிப்பாளி யோசித்துத் திட்டமிட்டு ஒரு கொலை செய்வார். அதை முதலிலேயே முழுசாகக் காட்டிவிடுவார்கள். அதற்கப்புறம்தான், சில சமயம் இருபது நிமிடம் கழித்து, கொலம்போ பென்சிலைத் தேடிக்கொண்டே உள்ளே வருவார்.

கொலைகாரன் யாரென்று முதலிலேயே தெரிந்துவிட்டால் அப்புறம் எதைப் பார்ப்பது?

என் அப்பா கேட்டதும் இதுதான். முதல் டிஸ்க்கைப் போட்டுக் கால்மணி நேரம் ஆனதும், "ஏம்ப்பா, கொன்னவன் யாருன்னுதான் காட்டிட்டானே, இனிமே என்னத்தப் பாக்கிறது?" என்று செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் செய்தித்தாள் மடிக்கு இறங்கியது. அரை மணி நேரத்தில், "அந்தாளு பொய் சொல்றான், இவருக்குத் தெரிஞ்சு போச்சு பாரு" என்றார். அந்த 'பாரு' இருக்கிறதே, தொடர் முழுக்க அதுதான்.

இந்த வகைக் கதையை இவர்கள் கண்டுபிடிக்கவில்லை. குற்றத்தை முன்னால் காட்டிவிட்டு, துப்பறிவதைப் பின்னால் சொல்லும் முறையை ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1912-இல் வந்த சிறுகதைத் தொகுப்பிலேயே செய்திருக்கிறார். கொலம்போவை உருவாக்கிய ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் இருவரும் தங்கள் ஆளுக்கு முன்மாதிரியாகச் சொன்னது தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் விசாரணை அதிகாரி போர்ஃபிரியை. அவரும் இப்படித்தான், எதையோ பேசிக்கொண்டே சுற்றிச் சுற்றி வருவார்.

டிஸ்க் வாங்கி வைத்துக்கொள்ளத் தகுந்த துப்பறியும் தொடர் எது என்று கேட்டால் நான் இதைச் சொல்வதற்கும் காரணம் இதுதான். மற்ற மர்மக் கதைகளில் ஒருமுறை விடை தெரிந்துவிட்டால் தீர்ந்தது, இரண்டாவது முறை பார்ப்பது தீர்த்து வைத்த குறுக்கெழுத்தை மறுபடி எடுப்பது போல. கொலம்போவில் மறைக்க எதுவும் இல்லாததால் கெட்டுப்போகவும் எதுவும் இல்லை. முதல் தடவை கொலம்போவோடு போகிறோம். இரண்டாவது தடவை கொலைகாரரின் முகத்தைப் பார்க்கிறோம்: எந்தக் கேள்வியில் சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வந்தது, எப்போது 'லெப்டினன்ட்' என்று மரியாதையாகக் கூப்பிட்டவர் சுருக்கென்று பேச ஆரம்பித்தார் என்று. மூன்றாவது தடவை ரிமோட்டோடு உட்கார்ந்து, கொலம்போவுக்கு எந்த நிமிடத்தில் தெரிந்தது என்று தேடலாம்.

'மர்டர் பை தி புக்' எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மர்ம நாவலாசிரியர்கள் கூட்டாக எழுதுகிறவர்கள். உண்மையில் எழுதுவது ஒருவர்தான், இன்னொருவர் பேட்டி கொடுக்கிறவர். எழுதுகிறவர் கூட்டை முறிக்க நினைக்கிறார், மற்றவர் அவரைக் கொன்றுவிடுகிறார். பிறகு பிணத்தைத் தன் வீட்டுப் புல்தரையிலேயே கிடத்தி, அப்போதுதான் பார்த்ததைப் போலப் போலீஸுக்கு போன் செய்கிறார். போலீஸ் வருவதற்குள் அன்றைய தபாலை எடுத்துப் பிரித்துப் பார்க்கிறார். நாமும் அதைப் பார்க்கிறோம், ஒன்றும் தோன்றவில்லை. கொலம்போவை உறுத்துவது அதுதான். வாசலில் நண்பன் செத்துக் கிடக்கும்போது எவனாவது மின்சாரக் கட்டணச் சீட்டைப் பிரித்துப் படிப்பானா? ரிவைண்ட் செய்து பார்த்தால், அவ்வளவு சாதாரணமாகச் செய்கிறார் அந்த வேலையை.

கொலைக் கதை எப்படிச் சிரிப்புத் தொடர் ஆகும்?

ரத்தம் ஏறக்குறையக் கிடையாது. துப்பாக்கிச் சண்டை கிடையாது, துரத்தல் கிடையாது. கொலம்போ துப்பாக்கி வைத்துக்கொள்வதே இல்லை என்று சொல்லிவிடலாம். 'ஃபர்காட்டன் லேடி' எபிசோடில் கட்டாயத் துப்பாக்கிப் பயிற்சிக்குப் பல வருடமாகப் போகாமல் டிமிக்கி கொடுத்தது தெரிந்து மேலிடம் அவரைத் துரத்துகிறது. கடைசியில் தனக்குப் பதிலாக வேறொரு போலீஸ்காரரைச் சுடச் சொல்லி ஏற்பாடு செய்கிறார், பரீட்சைக்கு ஆள்மாற்றம் செய்யும் பையனைப் போல.

எனக்கு மிகவும் பிடித்த இடம் 'நெகட்டிவ் ரியாக்‌ஷன்' எபிசோடில் வருவது. ஒரு சாட்சியைத் தேடி, வீடில்லாதவர்களுக்குச் சாப்பாடு போடும் இடத்துக்குக் கொலம்போ போகிறார். அங்கிருக்கும் கன்னிகாஸ்திரீ இவர் கோட்டை மேலும் கீழும் பார்க்கிறார். பேச வாய் திறப்பதற்குள் உட்கார வைத்து ஒரு கிண்ணம் குழம்பை முன்னால் வைத்துவிடுகிறார். பாவம், நல்ல கோட்டு ஒன்று இவருக்குத் தேடித் தரவேண்டும் என்று துடிக்கிறார். கொலம்போ, இந்தக் கோட்டு ஏழெட்டு வருடமாக என்னோடு இருக்கிறது என்று பிடித்துக்கொள்கிறார். நான் போலீஸ் என்று ஒருவழியாகச் சொன்னதும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். மன்னிப்புக் கேட்கவில்லை. அடேயப்பா, என்ன மாறுவேஷம் என்று மெச்சுகிறார். பீட்டர் ஃபாக் மறுக்கவும் முடியாமல், ஏற்றுக்கொள்ளவும் முடியாமல் ஒரு பார்வை பார்ப்பார். கதைக்கு இந்தக் காட்சி பெரிதாகத் தேவையில்லை, வெட்டினாலும் ஓடும். வெட்டாமல் விட்டார்களே, அதற்குத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

சிரிப்புக்கு அடியில் இன்னொன்றும் ஓடுகிறது. மாட்டுகிறவர்கள் எல்லாரும் பெரிய பங்களாக்காரர்கள், ஆர்க்கெஸ்ட்ரா நடத்துனர்கள், மருத்துவர்கள், அரசியல்வாதிகள். அவர்கள் கம்பளத்தில் சுருட்டுச் சாம்பலை உதிர்த்துக்கொண்டே, இந்த ஷூ எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று ஒரு போலீஸ்காரர் கேட்கிறார். அவர்கள் இவரைக் குறைவாக எடை போடுகிறார்கள். அந்தக் கணக்குப் பிழைக்குத்தான் கடைசியில் கைவிலங்கு.

மொத்தம் எத்தனை எபிசோடு?

69. இரண்டு காலகட்டம். 1968-இல் 'பிரிஸ்கிரிப்ஷன்: மர்டர்' என்ற தொலைக்காட்சிப் படம், 1971 தொடக்கத்தில் இன்னொன்று, பிறகு 1971 செப்டம்பர் முதல் 1978 வரை என்பிசி அலைவரிசையில் தொடர். இவை சேர்ந்து 45. பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 1989-இல் ஏபிசியில் திரும்ப வந்து 2003 வரை அவ்வப்போது 24.

இதற்கும் முன்னால், 1960-இல் ஒரு மணி நேர நாடகமாகத் தொலைக்காட்சியில் வந்தபோது கொலம்போவாக நடித்தவர் பெர்ட் ஃப்ரீட். அப்புறம் அதே கதை மேடை நாடகமானபோது தாமஸ் மிட்செல். நமக்குப் பீட்டர் ஃபாக்கைத் தவிர வேறு யாரையும் அந்தக் கோட்டுக்குள் நினைத்துப் பார்க்க முடியாது என்பது வேறு விஷயம்.

எதிலிருந்து ஆரம்பிக்க?

1968 படத்திலிருந்து வேண்டாம். அதில் தலை படிய வாரிய, கொஞ்சம் முறைப்பான கொலம்போ. நமக்குப் பழக்கமானவர் இன்னும் பிறக்கவில்லை. பழகிய பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தால் சுவையாக இருக்கும்.

நான் கைகாட்டுவது மேலே சொன்ன 'மர்டர் பை தி புக்'. 1971 தொடரின் முதல் ஒளிபரப்பு. இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், எடுத்தபோது அவருக்கு வயது 24. முதல் காட்சியிலேயே கை தெரிகிறது: சாலையில் ஒரு கார் வருகிறது, ஆனால் காதில் விழுவது இன்ஜின் சத்தமும் இல்லை, இசையும் இல்லை, டைப்ரைட்டர் தட்டும் சத்தம் மட்டும். ஒருவர் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் அவரைக் கொல்ல வந்துகொண்டிருக்கிறார். ஒரு வசனம் இல்லாமல் அது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதே எபிசோடில் கணவனை இழந்து அதிர்ந்து நிற்கும் பெண்ணைக் கொலம்போ வீட்டில் கொண்டுபோய் விட்டு, முதல் வேலையாகச் சமையலறைக்குள் நுழைந்து ஆம்லெட் போட்டுக் கொடுப்பார். கேள்வியெல்லாம் அப்புறம்தான்.

அதன்பின் 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்' (1973). ஒயின் தயாரிப்பாளராக டொனால்ட் பிளெசன்ஸ். பணத்துக்காக இல்லை, தன் ஒயின் தோட்டம் விற்கப்படுவதைப் பொறுக்காமல் கொல்கிறார். அவரை மடக்குவதற்காகக் கொலம்போ ஒயினைப் பற்றிப் படித்துத் தேர்கிறார். எப்படி மடக்குகிறார் என்பதைச் சொல்ல மாட்டேன். கடைசியில் இருவரும் காரில் உட்கார்ந்து ஒரு புட்டியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கொலம்போ எடுத்துவந்த ஒயினைப் பார்த்து, நன்றாகக் கற்றுக்கொண்டீர்கள் என்கிறார் கைதாகிறவர். இதைவிட நல்ல பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை என்கிற மாதிரி கைது செய்கிறவர் மகிழ்ந்துபோகிறார். துப்பறியும் கதைகளில் இப்படி ஒரு முடிவு வேறெங்கும் எனக்கு வாய்த்ததில்லை.

மூன்றாவதாக 'டிரை அண்ட் கேட்ச் மீ' (1977). ரூத் கார்டன் வயதான மர்ம நாவலாசிரியையாக வருவார். பாட்டி மாதிரி இருந்துகொண்டு ஒருவனை ஆளுயரப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். இதில் கொலம்போவைத் திடீரென்று ஒரு பெண்கள் சங்கக் கூட்டத்தில் பேசச் சொல்லி மேடை ஏற்றிவிடுவார்கள். தான் சந்தித்த சில கொலைகாரர்களைக் கூடத் தனக்குப் பிடித்திருந்தது, செய்த காரியத்தை அல்ல, அந்த ஆளை, என்கிற மாதிரி அங்கே பேசுவார். அவர் வேஷம் போடாமல் பேசிய மிகச் சில இடங்களில் அது ஒன்று.

ஜானி கேஷ் பாடகராக வந்து விமானத்திலிருந்து குதிக்கும் 'ஸ்வான் சாங்', கொலம்போவின் மேலதிகாரியே கொலைகாரராக இருக்கும் 'எ ஃபிரெண்ட் இன் டீட்' (இரண்டும் 1974) ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் ஐந்து வாரத்துக்குப் போதும்.

ஐந்து வாரமா? ஒரே வாரக்கடைசியில் பார்த்துவிடலாமே?

பார்க்கலாம், அலுத்துவிடும். இந்தத் தொடர் வாரா வாரம் வந்ததே இல்லை. என்பிசி 'மிஸ்டரி மூவி' என்ற பெயரில் ஒரே நேரத்தை மூன்று தொடர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது: ஒரு வாரம் 'மெக்ளவுட்', ஒரு வாரம் 'மெக்மில்லன் அண்ட் ஒய்ஃப்', ஒரு வாரம் கொலம்போ. ஆக, எழுபதுகளில் பார்த்தவர்களுக்குக் கொலம்போ மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வந்துபோகும் விருந்தாளி. சாவியைத் தேடுவது, மனைவியைப் பற்றிப் பேசுவது, வாசலில் திரும்புவது எல்லாம் அந்த இடைவெளியில் மறந்து, மறுபடி பார்க்கும்போது இனித்தன. டிஸ்க்கில் இரண்டு மூன்றை அடுத்தடுத்துப் போட்டால் அதே இனிப்புத் திகட்டுகிறது. தீபாவளிப் பலகாரத்தை ஒரே நாளில் தின்று தீர்ப்பதைப் போலத்தான். நான் ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்று என்று வைத்திருக்கிறேன். 69 எபிசோடு, ஒன்றேகால் வருடத்துக்கு மேல் வருகிறது.

டிவிடி போதுமா, புளூ-ரே வேண்டுமா?

யூனிவர்சல் நிறுவனம் 2004 முதல் டிவிடி தொகுப்புகளை வெளியிட்டது. பின்னர் ஜப்பானில் புளூ-ரே பெட்டி வந்தது. எழுபதுகளின் எபிசோடுகளை அமெரிக்காவில் கினோ லார்பர் நிறுவனம் புளூ-ரேயாகக் கொண்டுவந்திருக்கிறது.

இது வீடியோ டேப்பில் எடுத்த தொடர் அல்ல, 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தது. அதனால் புளூ-ரேயில் உண்மையாகவே கூடுதல் விவரம் தெரியும். டிவிடியில் கோட்டு ஒரு மங்கல் பழுப்பு. புளூ-ரேயில் அதன் ஒவ்வொரு சுருக்கமும், பையோரக் கறையும் தெரிகிறது. பெரிய டிவி இருந்தால் புளூ-ரே. 32 அங்குலம் அல்லது லேப்டாப் என்றால் டிவிடியே போதும், மிச்சப் பணத்துக்கு நல்ல பிளேயர் வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்கிய டிஸ்க் ஓடவில்லை. டிஸ்க் பழுதா?

பெரும்பாலும் ரீஜன் கோடுதான். அந்தந்தப் பிரதேசத்தில் விற்கும் பிளேயரில் மட்டும் ஓடும்படி போடும் பூட்டு அது. டிவிடியில் அமெரிக்கா, கனடா 1; ஐரோப்பா, ஜப்பான் 2; சிங்கப்பூர், மலேசியா 3; இந்தியா, இலங்கை 5. புளூ-ரேயில் கணக்கு வேறு: அமெரிக்கா, ஜப்பான், தென்கிழக்கு ஆசியா எல்லாம் ஏ, ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி, இந்தியா, இலங்கை சி. அதாவது சிங்கப்பூரில் இருப்பவருக்கு அமெரிக்க டிவிடி ஓடாது, அமெரிக்க புளூ-ரே ஓடும். சென்னையில் இருப்பவருக்கு இரண்டுமே பூட்டு.

டிவிடி பிளேயர்கள் பலவற்றில் இந்தப் பூட்டைத் திறந்துவிட்டே விற்கிறார்கள், புளூ-ரே பிளேயர்களில் அது அரிது. நான் முதலில் வாங்கிய பெட்டிக்கு 'எல்லா ரீஜனிலும் ஓடும்' என்று விற்றவர் எழுதியிருந்தார். வந்த டிஸ்க்கின் முதுகில் உலக உருண்டைப் படத்துக்குள் ஒன்று என்ற எண் பளிச்சென்று இருந்தது. திருப்பி அனுப்பும் செலவு டிஸ்க்கின் விலையில் பாதி. அலமாரியில் இன்னும் இருக்கிறது. வாங்குவதற்கு முன் பின்னட்டையின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

என்னிடம் இருக்கும் டிவிடியில் ஒரு எபிசோடு 94 நிமிடம்தான். நான்கு நிமிடத்தை வெட்டிவிட்டார்களா?

இல்லை. ஃபிலிம் நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடும். ஐரோப்பாவில் வந்த பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை டிவிடிகளில் அதை 25 சட்டமாக ஓட்டுவார்கள். நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடுகிறது, 98 நிமிடம் 94 ஆகிறது. குரலும் ஒரு இழை மேலே ஏறும். ஒப்பிட்டுக் கேட்டால் ஒழியத் தெரியாது. தெரிந்த பிறகு கேட்காமல் இருக்க முடியாது, மன்னிக்கவும்.

படம் சதுரமாக நடுவில் நிற்கிறதே?

அப்படித்தான் எடுத்தார்கள், நாலுக்கு மூன்று. ரிமோட்டில் இழுத்து அகலமாக்கினால் கொலம்போ குண்டாகிவிடுவார். விட்டுவிடுங்கள்.

சில எபிசோடுகள் இழுக்கின்றன. எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டுமல்ல. விளம்பரத்தோடு சேர்த்து ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று இரண்டு அளவில் எடுத்தார்கள். டிஸ்க்கில் அவை சுமார் 73 நிமிடம், 98 நிமிடம். பல நல்ல கதைகள் 73-க்குள் கச்சிதமாக அடங்கியவை. 98-இல் சில சமயம் கார் ஓட்டுவதும் மாடிப்படி ஏறுவதும் நீண்டுகொண்டே போகும். இரவு நேரமாகிவிட்டால் பின்னட்டையில் நிமிடத்தைப் பார்த்துச் சின்னதாக எடுங்கள்.

இழுவை என்பதைத் தாண்டி விநோதம் என்றால் 'லாஸ்ட் சல்யூட் டு தி கமோடோர்' (1976). கொலையாளி யார் என்பதை மறைத்து எடுத்தது, நடிப்பும் பேச்சும் ஏதோ கனவில் நடப்பதைப் போல இருக்கும். இயக்கியவர் பாட்ரிக் மக்கூகன். அவரே கொலைகாரராக நான்கு தடவை வந்தவர், 'பை டான்ஸ் எர்லி லைட்' எபிசோடில் ராணுவப் பள்ளித் தலைவராக நடித்து அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கியவர். அதனால் மன்னித்துவிடுகிறேன்.

முகம் பார்த்த மாதிரியே இருக்கிறதே, ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கொலை செய்கிறாரா?

நடிகர் ஒன்று, பாத்திரம் வேறு. ராபர்ட் கல்ப் மூன்று தடவை கொலைகாரர், ஜாக் காசிடி மூன்று தடவை. காசிடிதான் என் கட்சி. அவர் புன்னகைத்துக்கொண்டே எரிச்சல்படுவதைப் போல வேறு யாருக்கும் வராது.

"இன்னும் ஒரே ஒரு விஷயம்" எப்படி வந்தது?

சோம்பலில் வந்தது. லெவின்சனும் லிங்கும் மேடை நாடகம் எழுதிக்கொண்டிருந்தபோது, கொலம்போ வெளியேறும் ஒரு காட்சி நீளம் போதவில்லை என்று பின்னால் தெரிந்தது. பக்கத்தை டைப் அடித்து முடித்தாகிவிட்டது. மறுபடி முழுசாக அடிக்கச் சலிப்பு. போனவரைக் கதவைத் திறந்து உள்ளே வரச்செய்து, இன்னும் ஒரு விஷயம் சார் என்று ஒட்டிவிட்டார்கள். இன்றைக்கு இருந்திருந்தால் கணினியில் நடுவே இரண்டு வரி சேர்த்திருப்பார்கள், உலகத்துக்கு அந்த வாசகம் கிடைத்திருக்காது.

கோட்டும் காரும்?

கோட்டு பீட்டர் ஃபாக்கின் சொந்தக் கோட்டு. நியூயார்க்கில் ஒருநாள் மழையில் மாட்டிக்கொண்டு 57-ஆம் தெருக் கடையில் வாங்கியது. படப்பிடிப்பில் கொடுத்த கோட்டு பிடிக்காமல் இதைக் கொண்டுவந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் மழை எங்கே பெய்கிறது என்று கேட்கக் கூடாது.

கார் பிரெஞ்சு பேஷோ 403, மேல்கூரை திறக்கும் வகை. ஸ்டூடியோவில் கிடந்த கார்களில் இதை அவரே பொறுக்கியெடுத்தார்.

அவர் பார்வை ஒரு மாதிரி இருக்கிறதே?

பீட்டர் ஃபாக்குக்கு மூன்று வயதில் வந்த கட்டியால் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். அது செயற்கைக் கண். தொடரில் கொலம்போவுக்கும் அப்படியா என்று பல வருடம் யாரும் சொல்லவில்லை. 1997-இல் வந்த 'எ டிரேஸ் ஆஃப் மர்டர்' எபிசோடில், கூடச் சேர்ந்து பார்க்கச் சொல்லி ஒருவரைக் கூப்பிடும்போது, ஒரு கண்ணைவிட மூன்று கண் மேல் என்பார். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கொலம்போவின் முதல் பெயர் என்ன?

யாராவது கேட்டால் 'லெப்டினன்ட்' என்பார். ஆனால் டிஸ்க்கில் படத்தை நிறுத்திப் பார்க்கிற வசதி வந்தபின் அடையாள அட்டையில் 'ஃபிராங்க்' என்று கையெழுத்து இருப்பதைப் பலர் பார்த்துவிட்டார்கள். 'டெட் வெயிட்' எபிசோடில் நிறுத்திப் பாருங்கள்.

இதில் ஒரு கிளைக்கதை. ஃபிரெட் வொர்த் என்பவர் துணுக்குத் தகவல் களஞ்சியம் ஒன்று தொகுத்தார். தன் உழைப்பை யாராவது திருடினால் பிடிக்க வேண்டுமே என்று வேண்டுமென்றே ஒரு பொய்யைச் செருகினார்: கொலம்போவின் முதல் பெயர் ஃபிலிப். பின்னர் 'டிரிவியல் பர்சூட்' என்ற வினா-விடை விளையாட்டில் அந்த ஃபிலிப் வந்து நின்றார். வொர்த் 1984-இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அவர் புத்தகத்தைப் பயன்படுத்தியதை எதிர்த்தரப்பு மறுக்கவே இல்லை. தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. பொறி சரியாகத்தான் வேலை செய்தது, பிடிபட்டவரைத் தண்டிக்கத்தான் சட்டம் இல்லை. கொலம்போவே ரசித்திருப்பார்.

அவர் மனைவி எந்த எபிசோடில் வருகிறார்?

எதிலும் இல்லை. வாய்க்கு வாய் என் மனைவி சொல்வாள் என்பார், போனில் பேசுவார், கப்பலுக்குக் கூட்டிப்போவார், நம் கண்ணில் படமாட்டார். ஜப்பானிய டப்பிங்கில் 'உச்சி நோ காமிசான்' என்று வருகிறது. அந்த வார்த்தையின் வாகு அப்படியே நம் 'எங்க வீட்டம்மா'. ஆங்கிலத்தைவிடப் பொருத்தமாக எனக்குப் படுகிறது.

1979-இல் கேட் மல்குரூவை வைத்து 'மிஸஸ் கொலம்போ' என்று தனித் தொடர் எடுத்தார்கள். லெவின்சன், லிங்க் இருவருக்கும் அதில் உடன்பாடு இல்லை. ஓடவும் இல்லை. சில அமெரிக்க டிவிடி தொகுப்புகளில் அதன் எபிசோடுகள் இணைப்பாக வருகின்றன. டிஸ்க் கழுவ நேரமிருந்தால் பார்க்கலாம்.

டிஸ்க்கைக் கழுவலாமா?

கழுவலாம், வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு போட்டு. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. கீறல் தடத்தோடு ஓடினால் பிளேயரால் சமாளிக்க முடியாது, குறுக்கே விழுந்தால் பெரும்பாலும் சமாளிக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

1989-க்குப் பிந்தையவை வாங்கத் தகுந்தவையா?

பழைய 45 முடிந்த பின்தான். பீட்டர் ஃபாக் அதே ஆள், 1990-இல் இந்தப் பாத்திரத்துக்காக நான்காவது எம்மியும் வாங்கினார். ஆனால் கோமாளித்தனம் கொஞ்சம் கூடிவிட்டது. பழைய கொலம்போ மறதிக்காரராக நடிப்பதாக நாம் சந்தேகப்படுவோம். புதியவர் நடிப்பது பட்டவர்த்தனமாகத் தெரியும். எட் மெக்பெயின் என்ற எழுத்தாளரின் போலீஸ் நாவல்களை வைத்து எடுத்த இரண்டு எபிசோடுகள் (1992, 1994) கொலம்போ மாதிரியே இல்லை, முதலாவதில் கொலையே கிடையாது. அவற்றைக் கடைசிக்கு வையுங்கள்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பத்து வயதுக்கு மேல் என்றால் பார்க்கலாம். சுருட்டைப் பற்றிக் கேள்வி வரும். என் மகள் கேட்டது அதுவல்ல, சில எபிசோடுகளில் தூங்கிக்கொண்டே வரும் அந்தப் பாசெட் நாய் எப்போது வந்தது என்று.

சரி, நாய் எப்போது வந்தது? பெயர் என்ன?

1972-இல், 'எட்யூட் இன் பிளாக்' எபிசோடில், கால்நடை மருத்துவரிடம் காட்டக் கூட்டி வருகிறார். பெயர் வைக்க ரொம்ப யோசிக்கிறார், யார் எதைச் சொன்னாலும் பொருந்தவில்லை. அதனால் நாய் என்றே கூப்பிடுகிறார்.